மருத்துவ மாணவரை ஒரே நோயாளியை வைத்து எடைபோடலாமா?

சேலத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி. இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குப் பொது மருத்துவச் செய்முறைத் தேர்வு. வெளித் தேர்வாளராகப் போயிருந்தேன். ஜன்னலோரக் கட்டிலில் கொண்டலாம்பட்டியைச் சேர்ந்த ஒரு பாட்டி. வாழ்நாளெல்லாம் தறியில் உட்கார்ந்தவர். மண்ணீரல் வீங்கி, இடது விலாவுக்குக் கீழே நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. தேர்வுக்கு ஏற்ற நோயாளி என்று முந்தைய நாளே பேசிச் சம்மதம் வாங்கி வைத்திருந்தார்கள்.

காலை ஒன்பதரைக்கு முதல் மாணவி வந்தார். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வயிற்றில் வைத்தார். மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள் பாட்டி என்றார். மண்ணீரலின் விளிம்பு இறங்கி வந்து விரலைத் தொட்டதை அவர் முகமே காட்டியது. நல்ல மதிப்பெண் பெற்றார்.

பன்னிரண்டரைக்கு நான்காவது மாணவர் வந்தபோது நிலைமை வேறு. காலையிலிருந்து மூன்று பேர் அழுத்திய வயிறு அது. "மெதுவாக அமுக்கு கண்ணு, வலிக்கிறது" என்று சொல்லிக்கொண்டே பாட்டி வயிற்றை இறுக்கிக்கொண்டார். கதையும் மாறியிருந்தது. காலையில் மூன்று மாதமாக இருந்த காய்ச்சல், இப்போது போன தீபாவளியிலிருந்து என்று ஆகிவிட்டது. மாணவர் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்துவிட்டு, மண்ணீரல் தட்டுப்படவில்லை என்றார். உடனிருந்த தேர்வாளர் பேனாவைத் திறந்தார்.

நான் கை வைத்துப் பார்த்தேன். எனக்கும் தட்டுப்படவில்லை. முழங்காலை மடக்கச் சொல்லி, பேத்தியின் படிப்பைப் பற்றிப் பேச்சுக் கொடுத்து, வயிறு தளர்ந்த பிறகுதான் விளிம்பு கிடைத்தது. இருவரும் பேசி அந்த மாணவரின் மதிப்பெண்ணைத் திருத்தினோம். ஆனால் அப்படிக் கை வைத்துப் பார்க்காமலேயே மதிப்பெண் போட்டுவிட்டுப் பஸ் ஏறிய தேர்வு நாட்கள் எனக்கு எத்தனையோ உண்டு. அவற்றில் எத்தனை பேருக்கு அநீதி செய்தேன் என்பதை இனிக் கண்டுபிடிக்க வழியில்லை.

தேர்வுகளை ஆராய்பவர்கள் இதை 'நம்பகத்தன்மை' என்ற சொல்லால் பேசுகிறார்கள். தேர்வாளர் நேர்மையானவரா என்ற கேள்விக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. இதே மாணவர் வேறொரு நாள், வேறொரு நோயாளியிடம், வேறொரு தேர்வாளர் முன் நின்றிருந்தால் இதே முடிவு வந்திருக்குமா? அதைத்தான் 0 முதல் 1 வரை ஓர் எண்ணாகச் சொல்கிறார்கள். 1 என்றால் எத்தனை முறை தேர்வு வைத்தாலும் மாணவர்களின் வரிசை மாறாது. 0 என்றால் சீட்டுக் குலுக்கிப் போட்டதற்குச் சமம். ஒருவருடைய தேர்ச்சியைத் தீர்மானிக்கும் தேர்வுக்குக் குறைந்தது 0.8 வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு.

இந்த எண் மாணவரின் மதிப்பெண் பட்டியலில் என்ன செய்யும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு வகுப்பின் மதிப்பெண்களுக்குத் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து அவை சிதறியிருக்கும் அளவு) 10 என்று வைத்துக்கொள்வோம். நம்பகத்தன்மை 0.8 ஆனால், ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் சுமார் 4.5 அளவுக்குப் பிழை ஒட்டிக்கொண்டிருக்கும். 0.6 ஆனால் அது 6.3 ஆகிவிடும். 50 எடுத்தால் தேர்ச்சி என்னும்போது, 46 எடுத்தவரும் 54 எடுத்தவரும் இன்னொரு நாளில் இடம் மாறி நின்றிருக்கலாம். ஒருவர் வீட்டில் இனிப்பு வழங்குகிறார்கள். மற்றவர் வீட்டில் யாரும் பேசிக்கொள்வதில்லை.

அந்த இரண்டாவது வீட்டை நான் அறிவேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் என் விடுதி அறை நண்பன் இறுதித் தேர்வில் தோற்றான். குழந்தைகள் வார்டில் நள்ளிரவில் ஊசி போட நரம்பு கிடைக்காமல் திணறும்போது ஹவுஸ் சர்ஜன்களே (பயிற்சி மருத்துவர்களே) வந்து எழுப்பி அழைத்துப் போன கை அவனுடையது. தேர்வில் அவனுக்கு லாங் கேஸாக, அதாவது முழுமையாக விசாரித்துப் பரிசோதிக்க வேண்டிய நோயாளியாக, வந்தவர் காது கேளாத ஒரு முதியவர். உடனிருந்த மகன் டீ குடிக்கப் போய்விட்டார். கொடுத்த நேரத்தில் பாதி சைகையிலேயே கழிந்தது. எனக்கு வந்தவரோ ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நோய் தொடங்கிய தேதியிலிருந்து சாப்பிட்ட மாத்திரைகள் வரை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். நான் தேறினேன். அவன் ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி தேர்வுக்கு வந்தான். அந்த ஆறு மாதத்தில் அவன் அப்பா அவனோடு பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். சோற்றுக்கு அது சரிதான். ஒரே அரிசி, ஒரே உலைநீர், ஒரே தீ. மருத்துவத் திறமை அப்படிச் சீராக வேகும் பொருள் அல்ல. 1978இல் அமெரிக்காவில் ஆர்தர் எல்ஸ்டீன், லீ ஷுல்மன், சாரா ஸ்ப்ராஃப்கா ஆகிய மூவரும் மருத்துவர்கள் எப்படி யோசித்து நோயைக் கண்டறிகிறார்கள் என்ற ஆய்வை வெளியிட்டார்கள். நல்ல மருத்துவரிடம் எல்லா நோய்க்கும் பொதுவான ஒரு கண்டறியும் திறன் இருக்கும் என்பதே அதுவரை நம்பிக்கை. ஆனால் ஒரு நோயாளியிடம் சிறப்பாகச் செய்தவர் அடுத்த நோயாளியிடமும் அப்படியே செய்வார் என்று சொல்ல முடியவில்லை. நெஞ்சுவலிக்காரரிடம் ஒரு கேள்வி பிசகாமல் கேட்டவர், மஞ்சள்காமாலைக்காரர் முன் தடுமாறினார். பிறகு வந்த ஆய்வுகளும் இதையே திரும்பத் திரும்ப உறுதிசெய்தன. செய்முறைத் தேர்வின் நம்பகத்தன்மையைக் கெடுக்கும் காரணங்களில் இதுவே முதன்மையானது என்று நான் கருதுகிறேன். தேர்வாளரின் மனநிலையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

சேலம் லீ பஜார் சந்தையில் மூட்டைக்கு விலை பேசும் வியாபாரிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குத்தூசியைச் செருகி ஒரு பிடி எடுத்துப் பார்ப்பார். மேலடுக்கில் ஒரு மூட்டை, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று பார்க்காமல் பணத்தை எண்ண மாட்டார். நாலரை ஆண்டுப் படிப்பின் முடிவில் நாம் ஒரு மூட்டையில்தான் குத்திப் பார்க்கிறோம். கூடவே இரண்டு மூன்று ஷார்ட் கேஸ் (சிறு பரிசோதனைகள்), ஒரு வைவா (வாய்மொழித் தேர்வு).

தேர்வாளர்கள் பக்கம் வருவோம். கறாரானவர், தாராளமானவர் என்று மாணவர்கள் எங்களுக்குப் பெயர் வைத்திருப்பது எல்லோருக்கும் தெரியும். எக்ஸ்டர்னல் யார் என்று தெரிந்த அன்றைக்கே விடுதியில் பாதிப் பேருக்குத் தூக்கம் போய்விடும். இந்தப் பயம் வீணானதல்ல. பிரிட்டனில் மருத்துவர்கள் எழுதும் எம்.ஆர்.சி.பி. என்ற உயர்நிலைத் தேர்வைப் பற்றி 2006இல் வெளியான ஆய்வு, மதிப்பெண்களில் தற்செயலாக அல்லாமல் சீராகத் தெரிந்த வேறுபாட்டில் 12 சதவீதம் தேர்வாளரின் கறார்த்தனத்தால் வருவது என்று கணக்கிட்டது. அதுவும் ஒவ்வொருவரையும் பத்துத் தேர்வாளர்கள், இரண்டிரண்டு பேராக, நிலையங்கள் எனப்படும் ஐந்து இடங்களில் பார்க்கும் தேர்வில். நமது விதிப்படி நூறு மாணவர்களுக்குக் குறைந்தது நான்கு தேர்வாளர்கள். அவர்களில் பாதிப் பேர் வெளியிலிருந்து வர வேண்டும். அமெரிக்காவின் தேசிய மருத்துவத் தேர்வு வாரியம் 1960களிலேயே, ஒரே மாணவருக்கு இரண்டு தேர்வாளர்கள் தனித்தனியே போட்ட மதிப்பெண்கள் ஒத்துப்போகவில்லை என்று கண்டு, கட்டிலருகே வைக்கும் தேர்வையே கைவிட்டது.

இதைவிட என்னை உலுக்கியது 2012இல் பீட்டர் யேட்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. அனுபவமுள்ள மருத்துவர்களில் ஒரு பகுதியினருக்கு முதலில் சிறப்பான பயிற்சி மருத்துவர்களின் வீடியோவையும், மற்றவர்களுக்கு மோசமானவர்களின் வீடியோவையும் காட்டினார்கள். பிறகு எல்லோருக்கும் ஒரே நடுத்தரமான வீடியோக்கள். நல்லவர்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அந்த நடுத்தரத்துக்குக் குறைவாக மதிப்பெண் போட்டார்கள். மோசமானவர்களைப் பார்த்தவர்கள் கூடுதலாகப் போட்டார்கள். வரிசையில் உங்களுக்கு முன்னால் நின்றவர் யார் என்பதும் உங்கள் மதிப்பெண்ணில் இருக்கிறது என்று பொருள். பதிவெண் வரிசையில் ஒரு தங்கப்பதக்க மாணவிக்கு அடுத்து நிற்பவர் செய்த தவறுதான் என்ன?

இந்தக் குறைகளுக்கு மருந்தாகத்தான் 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் குழுவினர் 'ஆஸ்கி' என்று நாம் சுருக்கிச் சொல்லும் நிலையத் தேர்வைக் கொண்டுவந்தார்கள். மணி அடித்ததும் மாணவர்கள் ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்கு நகர்வார்கள். ஓரிடத்தில் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், அடுத்ததில் எக்ஸ்ரே படிக்க வேண்டும், இன்னொன்றில் கெட்ட செய்தியை உறவினரிடம் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே சரிபார்ப்புப் பட்டியல், நிலையத்துக்கு ஒரு தேர்வாளர்.

இங்கே பல ஆசிரியர்கள் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பட்டியல் அச்சடித்துவிட்டால் தேர்வு நம்பகமாகிவிடும் என்று எண்ணுகிறார்கள். 2005இல் நெதர்லாந்தின் செஸ் வான் டெர் ஃப்ளூட்டன், லாம்பர்ட் ஷுவிர்த் இருவரும் பல ஆய்வுகளின் எண்களைத் தொகுத்து ஓர் அட்டவணை தந்தார்கள். ஒரு மணி நேரத் தேர்வுக்கு ஆஸ்கியின் நம்பகத்தன்மை 0.54. லாங் கேஸுக்கு 0.60. வாய்மொழித் தேர்வுக்கு 0.50. நான்கு மணி நேரமாக நீட்டினால் ஆஸ்கி 0.82, லாங் கேஸ் 0.86. அதாவது கட்டமைப்பும் பட்டியலும் இல்லாத பழைய முறையும், போதுமான அளவு நோயாளிகளை வைத்து நீட்டினால், அதே இடத்துக்கு வந்து சேர்கிறது. ஆஸ்கி கொடுத்த நன்மையில் பெரும்பங்கு, அது மாணவரைப் பல நிலையங்களுக்கு நகர்த்தியதில் வந்தது. பத்து நிமிடத்தில் நான்கு நிலையங்கள் என்று சுருக்கி வைத்துவிட்டு, ஆஸ்கி நடத்தினோம் என்று பதிவேட்டில் எழுதுவதில் பயனில்லை.

பட்டியலுக்கு இன்னொரு தீமையும் உண்டு. கனடாவில் பிரையன் ஹாட்ஜஸ் குழுவினர் 1999இல் காட்டியது இது: அனுபவம் கூடக் கூடப் பட்டியல் மதிப்பெண் கூடுவதில்லை. முதிர்ந்த மருத்துவர் தேவையான நான்கு கேள்விகளில் நோயைப் பிடித்துவிடுவார். கேட்காத கேள்விகளுக்கெல்லாம் மதிப்பெண் இழப்பார். இதை மாணவர்கள் நம்மைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். நோயாளியின் பக்கம் திரும்பாமல், தேர்வாளரைப் பார்த்து, "கை கழுவுகிறேன் சார், அனுமதி கேட்கிறேன் சார்" என்று ஒப்பிக்கிறார்கள். சோப்பும் தண்ணீரும் இரண்டடி தூரத்தில் இருக்கின்றன. யாரும் அங்கே போவதில்லை. ஒப்பித்ததற்கு டிக் விழுகிறது. தேர்ந்த ஆசிரியர் மொத்தமாகப் பார்த்துக் கொடுக்கும் மதிப்பீடு, பட்டியலுக்குச் சளைத்ததல்ல என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நோயாளிக்குப் பதிலாகப் பயிற்சி பெற்ற நடிகர்களை வைக்கும் வழக்கத்தை ஹோவர்ட் பாரோஸ் 1963இல் கலிஃபோர்னியாவில் தொடங்கினார். நான்காவது மாணவருக்கும் வயிறு வலிக்காத, கதை மாறாத நோயாளி. நம் ஊரில் இது செலவுபிடித்த வேலை என்று ஒதுக்குகிறார்கள். சேலத்தைச் சுற்றி இரவெல்லாம் கூத்துக் கட்டும் கலைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு பாத்திரத்தை விடியும்வரை பிசகாமல் தாங்குபவர்கள் அவர்கள். நெஞ்சுவலியை ஓமலூர்க்காரர் எப்படிச் சொல்வாரோ அப்படியே சொல்ல அவர்களால் முடியும். நாட்கூலி கொடுத்து அழைத்துப் பயிற்சி தந்தால் கல்லூரிக்கும் பயன், அவர்களுக்கும் வருமானம். வீங்கிய மண்ணீரலை நடிக்க முடியாது என்பது உண்மை. உடல் பரிசோதனைக்கு உண்மையான நோயாளிகள் வேண்டும். ஆனால் கேட்பது, விளக்குவது, தேற்றுவது எல்லாவற்றுக்கும் அவர்கள் போதும்.

2019 முதல் நம் நாட்டு எம்.பி.பி.எஸ். படிப்பு திறன் அடிப்படையிலான பாடத்திட்டத்துக்கு மாறியிருக்கிறது. எந்தெந்தத் திறனை மாணவர் செய்துகாட்ட வேண்டும் என்று பட்டியலிட்டு, லாக் புக்கில் (பயிற்சிப் பதிவேட்டில்) பதிந்து ஆசிரியர் கையெழுத்திட வேண்டும் என்கிறது. நல்ல எண்ணம்தான். நடைமுறையில், போஸ்டிங் (வார்டுப் பயிற்சிக் காலம்) முடியும் நாளன்று முப்பது லாக் புக்குகள் மேசைமேல் வந்து அடுக்கப்படுகின்றன. ஒரே பேனாவில், ஒரே மூச்சில் இரண்டு மாதத்துக்கான கையெழுத்துகள். நானும் போட்டிருக்கிறேன். கண்ணால் பார்க்காத திறனுக்கு அத்தாட்சி தருவது பொய்ச் சான்றுதான், வேலைப்பளு எவ்வளவு இருந்தாலும்.

ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பவர்கள், இரவு எட்டு மணிக்கு மேல் ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றில் நோய்வாய்ப்படுபவரை நினைத்துப் பார்க்க வேண்டும். சேலம் பெரிய மருத்துவமனைக்கு வர 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். அதற்கு முன் அவர் பார்ப்பது ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரை. அவர் படித்து முடித்துச் சில மாதங்களே ஆனவராக இருக்கலாம். வருவது பாம்புக்கடியாக இருக்கும், பூச்சிமருந்து குடித்தவராக இருக்கும், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காத தாயாக இருக்கும். இவர்கள் யாரும் தேர்வு வார்டுக்கு வருவதில்லை. தேர்வுக்கு நாம் தேடிப் பிடிப்பது பழைய பக்கவாதம், இதய வால்வுக் கோளாறு, வீங்கிய மண்ணீரல் என்று, நான்கு மணி நேரம் ஒரே நிலையில் படுத்திருக்கக்கூடிய நோயாளிகளை. குத்திப் பார்ப்பது ஒரு மூட்டை. அதுவும் நாமே எடுத்து வைத்த மூட்டை.

வழி இருக்கிறது. 1995இல் ஜான் நார்சினி குழுவினர் அறிமுகப்படுத்திய 'மினி சி.இ.எக்ஸ்.' என்ற முறை. தேர்வு நாளுக்குக் காத்திருக்காமல், அன்றாட வார்டு வேலையின் நடுவே, ஆசிரியர் ஒருவர் மாணவர் அருகே நின்று பதினைந்து இருபது நிமிடம் அவர் ஒரு நோயாளியைப் பார்ப்பதைப் பார்க்கிறார். அங்கேயே மதிப்பெண், அங்கேயே திருத்தம். முன்னே சொன்ன அதே அட்டவணையில் இதன் நம்பகத்தன்மை ஒரு மணி நேர அளவுக்கு 0.73, இரண்டு மணி நேர அளவுக்கு 0.84. ஒரு முறைக்குப் பதினைந்து நிமிடம் என்றால் எட்டு முறை. ஒவ்வொரு முறையும் வேறு நோயாளி, இயன்றவரை வேறு ஆசிரியர் என்பதுதான் இதன் உயிர். ஒரே ஆசிரியர் ஒரே நாளில் எட்டு அட்டைகளையும் நிரப்பினால் பழைய கதைதான்.

ஆள் இல்லை, நேரம் இல்லை என்ற பதில் உடனே வரும். கணக்குப் பார்ப்போம். எட்டு வாரப் போஸ்டிங்கில் இருபது மாணவர்கள், ஆளுக்கு எட்டு முறை, முறைக்குப் பதினைந்து நிமிடம். மொத்தம் 40 மணி நேரம். வாரத்துக்கு ஐந்து மணி. ஒரு யூனிட்டில் (துறையின் ஒரு பிரிவில்) ஐந்து ஆசிரியர்கள் இருந்தால் ஒருவருக்கு வாரம் ஒரு மணி நேரம். கையெழுத்துப் போட மட்டும் நேரம் இருக்கிறது, பார்க்க நேரமில்லை என்று இனி என்னால் சொல்ல முடியாது.

எங்கள் யூனிட்டில் இதைச் சிறிய அளவில் தொடங்கினோம். அரைத்தாள் அட்டை, மூன்றே வரி: என்ன நன்றாகச் செய்தார், எது விடுபட்டது, அடுத்த முறை என்ன செய்ய வேண்டும். ஒரு மாணவரின் முதல் நான்கு அட்டைகளில் மூன்று ஆசிரியர்கள், ஒருவருக்கொருவர் கலந்து பேசாமல், ஒரே குறையை எழுதியிருந்தார்கள்: நோயாளி பேசி முடிப்பதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறார். படிப்பில் கெட்டிக்காரர். எழுத்துத் தேர்விலோ வைவாவிலோ இந்தக் குறை கடைசிவரை யார் கண்ணிலும் பட்டிருக்காது. அட்டைகளை வரிசையாக வைத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது அட்டைக்கு நான் உடன் நின்றேன். நோயாளி ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை செய்பவர். காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்தும் இருமல் குறையவில்லை என்று வந்திருந்தார். மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா அண்ணா என்று மாணவர் கேட்டார். சாப்பிடுகிறேன் என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. மாணவர் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. கையிலிருந்த கேஸ் ஷீட்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, அவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்த மனிதர், கீழே வந்து போனால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது என்று தொடங்கி, மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிவிட்டதைச் சொன்னார்.